பழைய காரில் ஏர்கோன் குளிரவில்லையா? கேஸ் போடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

என்னுடைய 1996ஆம் ஆண்டு புரோட்டோன் வீராவுக்கு ஒரே ஆண்டில் மூன்று முறை ஏர்கோன் கேஸ் போட்டேன். ஒவ்வொரு முறையும் கோலாலம்பூரில் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பட்டறையில் 80 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் நான்கு மாதத்துக்குள் பழைய வெக்கை திரும்பி வந்தது. மூன்றாவது முறை காரணம் கேட்டபோது அங்கிருந்த ஃபோர்மன், "பழைய காருண்ணே, கேஸ் கொறையத்தான் செய்யும்" என்று சொல்லிப் பேச்சை முடித்துக்கொண்டார். அது தவறான பேச்சு. கேஸ் பெட்ரோலைப் போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. ரப்பர் குழாய்களின் வழியே இம்மியளவு கசிவது உண்மைதான், ஆனால் அது பல ஆண்டுகள் கழித்துத் தெரியவரும் குறை. நான்கு மாதத்தில் தீர்ந்துபோகிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டையைக் கண்டுபிடிக்காமல் கேஸ் போடுவது, ஓட்டைக் குடத்தை மறுபடியும் மறுபடியும் குழாயடியில் வைப்பதற்குச் சமம்.

கேஸ் குறைவு மட்டுமே ஏர்கோன் குளிராததற்குக் காரணமாக இருக்க வேண்டியதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆகவே செலவில்லாத சோதனைகளை முதலில் செய்து, மீட்டர் தேவைப்படும் சோதனைகளுக்கு அடுத்ததாகப் போய், எதையும் கழற்றுவதைக் கடைசியில் வைத்துக்கொள்வதே முறை.

உள்ளே நடப்பதைச் சுருக்கமாகத் தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிது. எஞ்சின் பெல்ட்டில் ஓடும் கம்ப்ரசர் கேஸை அழுத்திச் சூடாக்குகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள கண்டென்சரில் அந்தச் சூடு வெளிக்காற்றுக்குப் போய்விட, கேஸ் திரவமாகிறது. அத்திரவம் டிரையர் வழியாக ஈரம் நீங்கி, எக்ஸ்பான்ஷன் வால்வின் ஊசிமுனைத் துவாரத்தைக் கடந்ததும் சட்டென்று அழுத்தம் இழந்து, டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் கொதித்து ஆவியாகிறது. கொதிப்பதற்கு வேண்டிய சூட்டைக் காருக்குள் இருக்கும் காற்றிலிருந்து எடுத்துக்கொள்வதால்தான் நமக்குக் குளிர்கிறது. இந்தக் காயிலை நம் ஊர்ப் பட்டறைகளில் பலர் 'கோயில்' என்றே சொல்வார்கள். அது பழுதானால் காணிக்கையும் கொஞ்சம் பெரிதாகத்தான் போகும்.

காரை ஓட்டிப் பார்த்துக் குறையை அறிதல்

"குளிரவில்லை" என்ற ஒரு சொல்லுக்குள் நான்கைந்து வெவ்வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன. எப்போது குளிரவில்லை என்பதைக் கவனித்தாலே பாதி வழி தெரிந்துவிடும். ஜாலான் கூச்சிங் நெரிசலில் நிற்கும்போது வெதுவெதுப்பாகவும், காராக் நெடுஞ்சாலையில் ஓடும்போது நன்றாகவும் இருந்தால், முதல் சந்தேகம் கண்டென்சர் பேன் மீதும் கண்டென்சரில் படிந்த அழுக்கின் மீதும் விழ வேண்டும். ஓடும் காருக்குக் காற்று தானாகக் கிடைக்கிறது, நிற்கும் காருக்கு பேன்தான் காற்றைத் தர வேண்டும். இதற்கு நேர்மாறாக, முக்கால் மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓடியபின் காற்றின் வேகம் மெல்ல மெல்லக் குறைந்து, ஏர்கோனைப் பத்து நிமிடம் நிறுத்தி வைத்தால் பழையபடி வருகிறது என்றால், கூலிங் காயிலில் பனிக்கட்டி கட்டி அடைத்துக்கொள்கிறது என்று பொருள். காயிலின் குளிரை அளந்து கம்ப்ரசரை நிறுத்த வேண்டிய தெர்மோஸ்டாட், அல்லது காயிலில் செருகியிருக்கும் அதன் உணர்கம்பி, பழுதாகியிருக்கும்.

காலையில் நன்றாக இருந்து, எஞ்சின் நன்கு சூடேறிய பிறகு திடீரென்று நின்றுபோவது வேறொரு வகை. அதைப் பற்றி மின்சாரப் பகுதியில் சொல்கிறேன். நாள் முழுவதும் ஒரே சீராக, அரைகுறையாகக் குளிர்வதுதான் கேஸ் குறைவின் வழக்கமான முகம்.

கண்ணால் மதிப்பிடாமல் அளந்து பாருங்கள். சமையலறையில் பயன்படுத்தும் கம்பி வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றே போதும். கதவுகளை மூடி, உள்காற்றே சுழலும்படி வைத்து, எஞ்சினை நிமிடத்துக்கு 1,500 சுற்றில் பிடித்துப் பத்து நிமிடம் கழித்து நடுத் துவாரத்தில் கம்பியைச் செருகுங்கள். நம் ஊர்ப் பிற்பகல் வெயிலில் 8 முதல் 12 டிகிரி வரை வந்தால், பழைய காருக்கு அது குறையில்லை. 15 டிகிரிக்கு மேல் நின்றால் மேற்கொண்டு பாருங்கள்.

காற்று, பிறகு மின்சாரம்

வலது பக்கம் ஸ்டியரிங் உள்ள நம் கார்களில் கூலிங் காயிலும் புளோவரும் பெரும்பாலும் இடது பக்கத்தில், கையுறைப் பெட்டிக்குப் பின்னால் இருக்கின்றன. அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் காற்றை வடிகட்டும் ஃபில்டரே கிடையாது. ஆகவே காயிலே ஃபில்டராக வேலை செய்து, இருபது ஆண்டுத் தூசி முழுவதையும் தன் முகத்தில் வாங்கிக்கொண்டிருக்கும். புளோவரை முழு வேகத்தில் வைத்தும் காற்று மெலிதாக வந்தால் அங்கேதான் அடைப்பு. புளோவர் கடைசி வேகத்தில் மட்டும் ஓடி மற்ற வேகங்களில் ஓடவில்லை என்றால் அதன் ரெசிஸ்டர் எரிந்துவிட்டது. சில நிமிடங்களில் மாற்றிவிடக்கூடிய மலிவான பாகம் அது.

ஏர்கோன் ஓடும்போது காருக்கு அடியில் தண்ணீர் சொட்ட வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் சொட்டாமலே இருந்தால் ஒன்று காயில் குளிரவில்லை, அல்லது வடிகுழாய் அடைத்துக்கொண்டிருக்கிறது. அடைத்திருந்தால் இடது பக்கக் கம்பளம் ஈரமாகி, மழைக்காலத்துத் துணி போல நாற்றமடிக்கும். மெல்லிய குழாயொன்றை விட்டு அடியிலிருந்து காற்றூதினால் போதும்.

இனி பானெட்டைத் திறந்து, ஏர்கோன் சுவிட்சை ஒருவரைப் போடச் சொல்லிவிட்டு நீங்கள் கம்ப்ரசரைக் கவனியுங்கள். கழுத்துச் சங்கிலி, தொங்கும் சட்டைக் கை, தாயத்துக் கயிறு ஆகியவற்றை ஓடும் பெல்ட்டின் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். சுவிட்சைப் போட்டதும் 'டக்' என்ற ஓசையுடன் கம்ப்ரசரின் முன் தட்டு பெல்ட் சக்கரத்தோடு ஒட்டிச் சுழலத் தொடங்க வேண்டும்; பேனும் சேர்ந்தே ஓடத் தொடங்க வேண்டும். தட்டு ஒட்டவில்லை என்றால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள். அடுத்து, ஹார்னுக்கோ விளக்குக்கோ அதே வகை ரிலே இருந்தால் அதை எடுத்து ஏர்கோன் ரிலேயின் இடத்தில் மாற்றிச் செருகிப் பாருங்கள்.

அதன் பிறகும் ஒட்டவில்லை என்றால் கம்ப்ரசருக்குப் போகும் ஒற்றை ஒயரின் இணைப்பைக் கழற்றி மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். அங்கே 12 வோல்ட் வந்தும் தட்டு ஒட்டவில்லை என்றால் குறை, தட்டைக் காந்தத்தால் இழுத்துப் பிடிக்கும் மேக்னட் கிளட்சில் இருக்கிறது. அதன் சுருள் 3 முதல் 4 ஓம் காட்ட வேண்டும், எல்லையற்ற தடை காட்டினால் சுருள் அறுந்துவிட்டது. 12 வோல்ட் வரவேயில்லை என்றால் பெரும்பாலும் அழுத்த சுவிட்ச் தடுத்துக்கொண்டிருக்கிறது. கேஸ் மிகவும் குறைந்தால் எண்ணெயும் சுற்றி வராமல் கம்ப்ரசர் தேய்ந்துவிடும் என்பதற்காகவே அந்த சுவிட்சை வைத்திருக்கிறார்கள். அதைக் கம்பியால் இணைத்து ஏமாற்றி ஓட்டும் பழக்கம் சிலரிடம் உண்டு. சோதனைக்காக இரண்டு மூன்று வினாடி செய்யலாமே தவிர, அப்படியே விட்டு ஓட்டினால் நூறு வெள்ளி வேலை ஆயிரம் வெள்ளி வேலையாகிவிடும்.

சூடேறிய பிறகு நின்றுபோகும் ஏர்கோனைப் பற்றி மேலே சொன்னேன். கிளட்ச் தட்டுக்கும் சக்கரத்துக்கும் இடையே உள்ள இடைவெளி பொதுவாக 0.3 முதல் 0.6 மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் தேய்ந்து இது அகன்றுவிடும். சுருள் சூடாகும்போது அதன் தடை உயர்ந்து காந்தம் வலுவிழப்பதால், குளிர்ந்த நிலையில் எட்டிப் பிடித்த தட்டைச் சூட்டில் பிடிக்க முடியாமல் போகிறது. நடுப்போல்ட்டைக் கழற்றித் தட்டுக்கு உள்ளே இருக்கும் மெல்லிய வளையத் தகடுகளில் ஒன்றை எடுத்துவிட்டு மறுபடி பூட்டினால், பல கம்ப்ரசர்களில் இடைவெளி குறைந்து, குறை அத்தோடு தீர்ந்துவிடும். இதற்காகப் புதுக் கம்ப்ரசர் வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

மீட்டர் காட்டுவதைப் படிப்பது

நீலம், சிவப்பு, மஞ்சள் என்று மூன்று குழாய்கள் உள்ள மீட்டர் செட் ஒன்றை வாங்கிவைத்துக்கொள்வது பழைய கார் வைத்திருப்பவருக்கு வீண் செலவல்ல. நீலம் தாழ்வழுத்தப் பக்கம், சிவப்பு உயரழுத்தப் பக்கம், மஞ்சள் கேஸ் பாட்டிலுக்கோ, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்கம் பம்புக்கோ போவது. கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் குழாயை மாட்டாதீர்கள். என் காரைப் போன்றவற்றில் இருக்கும் ஆர்134ஏ என்ற கேஸ் மைனஸ் 26 டிகிரியில் கொதிப்பது, கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம்.

எஞ்சின் இரவெல்லாம் ஓய்ந்திருந்த காலை வேளையில் மாட்டினால் இரண்டு முட்களும் ஒரே அளவில் நிற்கும். 28 டிகிரி வெப்பத்தில் ஆர்134ஏ ஏறத்தாழ 90 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அளவு) காட்டும், 30 டிகிரியில் 97. பலர் இந்த எண்ணைப் பார்த்து "கேஸ் நிறைய இருக்கிறது" என்று முடிவுசெய்வது பெரும் பிழை. உள்ளே ஒரு துளி திரவம் மிச்சமிருக்கும்வரை அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலையே. கால் பங்கு இருந்தாலும் முழுதாக இருந்தாலும் எண் ஒன்றுதான். ஆகவே முள் 90க்கு மிகவும் கீழே நின்றால் கேஸ் பெரும்பாலும் போய்விட்டது என்று சொல்லலாமே தவிர, 90 காட்டினால் போதுமான அளவு இருக்கிறது என்று சொல்ல முடியாது.

ஓட்டிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். 33 டிகிரி வெயிலில், 1,500 சுற்றில், தாழ்பக்கம் 30 முதல் 40 வரையும் உயர்பக்கம் 200 முதல் 250 வரையும் நின்றால் நலம். தாழ்பக்கத்தில் 28 பி.எஸ்.ஐ. என்பது காயிலில் 0 டிகிரி என்பதற்குச் சமம். அதற்குக் கீழே நெடுநேரம் போனால் பனி கட்டும். இரண்டுமே தாழ்ந்திருந்தால் கேஸ் குறைவு. இரண்டுமே உயர்ந்திருந்தால் பேன் ஓடவில்லை, கண்டென்சர் அடைத்திருக்கிறது, அல்லது யாரோ கேஸை அளவுக்கு மீறித் திணித்திருக்கிறார்கள். கண்டென்சர் மேல் தண்ணீரை மெல்ல ஊற்றும்போது சிவப்பு முள் விறுவிறுவென்று இறங்கினால், அது சூட்டை இறக்க முடியாமல் திணறுவது உறுதி. தாழ்பக்கம் உயர்ந்து உயர்பக்கம் தாழ்ந்து, இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி நின்றால் கம்ப்ரசர் உள்ளே தேய்ந்துவிட்டது. தாழ்பக்கம் பூஜ்யத்துக்கும் கீழே வேக்கத்துக்குள் இறங்கினால் எக்ஸ்பான்ஷன் வால்வு அடைபட்டிருக்கும். சற்று நேரம் நிறுத்தினால் சரியாகி மீண்டும் அடைத்தால், உள்ளே ஈரம் புகுந்து அந்த ஊசித் துவாரத்தில் பனியாக உறைகிறது.

கசிவைத் தேடுதல்

கேஸோடு சேர்ந்து கம்ப்ரசர் எண்ணெயும் சிறிது வெளியேறும் என்பதால், கசியும் இடத்தில் எண்ணெய் பூத்து, அதன் மேல் தூசி அப்பிக் கறுத்திருக்கும். குழாய் இணைப்புகள், கம்ப்ரசரின் முன் சீல், கண்டென்சரின் கீழ் விளிம்பு, மீட்டர் மாட்டும் இரண்டு வாய்கள் ஆகியவற்றை டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்துப் பழைய பெயின்ட் பிரஷால் தடவி, அவசரப்படாமல் இரண்டு நிமிடம் காத்திருக்க வேண்டும். சிறு கசிவு உடனே குமிழி விடாது, வெண்ணுரையாக மெல்லப் பூத்து எழும். மீட்டர் வாய்க்குள் இருக்கும் ஊசி வால்வு கசிந்தே பலருடைய கேஸ் போயிருக்கிறது. டயர் வால்வைப் போன்ற அந்தப் பொருளை மாற்றப் பத்து வெள்ளிகூட ஆகாது.

என் காரில் வெளியே எங்கும் நுரை பூக்கவில்லை. அப்படியானால் மிஞ்சியிருப்பது டாஷ்போர்டுக்குள் ஒளிந்திருக்கும் காயில்தான். அதைக் கழற்றாமலே சோதிக்க ஒரு வழி உண்டு. ஆர்134ஏ காற்றைவிடக் கனமானது, கீழே இறங்கித் தேங்கும். ஆகவே எஞ்சினை நிறுத்திக் கால் மணி நேரம் கழித்து, காருக்கு அடியில் வடிகுழாயின் வாயில் கசிவு காட்டும் மின்கருவியைப் பிடிக்க வேண்டும். வாயில் தண்ணீர் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரை உறிஞ்சினால் கருவி கெட்டுவிடும். நண்பர் ஒருவரிடமிருந்து வாங்கிப் பிடித்த நொடியில் அது கத்தத் தொடங்கிவிட்டது.

கேஸை எடுத்தபின் கையுறைப் பெட்டியை அகற்றிக் காயில் பெட்டியை வெளியே இழுத்துத் திறந்தபோது, காயிலின் முகம் தெரியவில்லை. சாம்பல் நிறக் கம்பளிபோல் தூசி. அதற்குள் டிஷ்யூ காகிதத் துணுக்குகள். டாஷ்போர்டில் வைக்கும் பூச்சரத்திலிருந்து புளோவருக்குள் விழுந்து பழுப்பேறிய மல்லிகை இதழ்கள் ஏழெட்டு. அந்தக் கம்பளியை உரித்துக் கழுவிய பிறகு, கீழ் மூலையில் இரண்டு விரல் அகலத்துக்கு அலுமினியம் பளபளப்பு இழந்து எண்ணெயில் நனைந்திருந்தது. ஒரு வாயை அடைத்து மறுவாயில் சைக்கிள் பம்பால் காற்றடித்து வாளித் தண்ணீரில் அமிழ்த்தினேன். சிறிது நேரம் ஒன்றும் இல்லை. பிறகு அந்த மூலையிலிருந்து கடுகளவு குமிழி ஒன்று மேலே வந்தது. மூன்று நான்கு வினாடி கழித்து இன்னொன்று. என் 240 வெள்ளி போன வழி அதுதான். ஆண்டு முழுவதும் ஏர்கோன் ஓடும் நம் ஊரில் காயில் காய்வதேயில்லை. ஈரமும் அழுக்கும் சேர்ந்து ஊறி அலுமினியத்தை ஊசித் துளையாக அரித்துவிடுகின்றன.

இத்தகைய காயிலை ஒட்டுப் போட்டுப் பயன்படுத்த வேண்டாம். கசிவை அடைக்கும் மருந்து என்று கேனில் விற்பதையும் நான் தொடமாட்டேன். அது எக்ஸ்பான்ஷன் வால்வையும் சேர்த்து அடைக்கும், பட்டறையின் கேஸ் எடுக்கும் எந்திரத்தையும் கெடுக்கும்.

மாற்றுவதும் மறுபடி நிரப்புவதும்

எந்தக் குழாயைக் கழற்றுவதற்கு முன்பும் மிச்சமிருக்கும் கேஸை, அதை எடுத்துச் சேமிக்கும் எந்திரம் உள்ள பட்டறையில் கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள். வால்வைத் திறந்து காற்றில் விட்டுவிடக் கூடாது. எடைக்கு எடை கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலாகப் பூமியைச் சூடாக்கும் கேஸ் அது.

காயிலை மாற்றும்போது எக்ஸ்பான்ஷன் வால்வையும் டிரையரையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். டிரையருக்குள் இருக்கும் ஈரமுறிஞ்சி மணிகள் திறந்த காற்றில் சிறிது நேரத்திலேயே நிறைந்துவிடும். ஆகவே புது டிரையரின் மூடிகளைக் கடைசி நிமிடத்தில்தான் திறக்க வேண்டும். கழற்றிய இணைப்பு ஒவ்வொன்றிலும் ஆர்134ஏவுக்கு உரிய புது ஓ-ரிங் (ரப்பர் வளையம்) போட்டு, அதை ஏர்கோன் எண்ணெயில் நனைத்துப் பூட்டுங்கள். பழைய காயிலோடு வெளியேறிய எண்ணெயை ஈடுகட்டப் பொதுவாக 40 மில்லி அளவு, கம்ப்ரசர் தயாரிப்பாளர் சொல்லும் அதே வகையில் சேர்க்க வேண்டும். மாறாக, பழைய எண்ணெய் கறுத்தும் அதில் உலோகப் பொடி மினுங்கியும் இருந்தால், கம்ப்ரசர் உள்ளே உடைந்துகொண்டிருக்கிறது. அதையும் மாற்றிக் குழாய்களைக் கழுவாமல் புதுக் காயிலைப் பூட்டுவதில் பயனில்லை. பழைய கார்களின் பாகங்களை விற்கும் ஹாஃப்-கட் கடையில் கம்ப்ரசர் வாங்குவதானால், குழாய் வாய்கள் மூடியிருக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரப்பில்லாமல் சீராகச் சுழல வேண்டும்.

உங்கள் கார் தொண்ணூறுகளின் தொடக்கத்தைச் சேர்ந்ததாக, இன்னும் மாற்றப்படாத புரோட்டோன் சாகாவாகவோ இஸ்வாராவாகவோ இருந்தால், அது ஆர்12 என்ற பழைய வகைக் கேஸுக்காகச் செய்யப்பட்டிருக்கலாம். அதில் ஆர்134ஏவை அப்படியே நிரப்பக் கூடாது. பழைய தாது எண்ணெய் அதனோடு கலக்காது. எண்ணெயை வடித்து எஸ்டர் எண்ணெய் விட்டு, டிரையரையும் ஓ-ரிங்குகளையும் மாற்றி, வாய்களுக்கு அடாப்டர் போட்டு, பழைய அளவில் 80 முதல் 90 விழுக்காடு மட்டுமே நிரப்ப வேண்டும். சமையல் கேஸ் வகையைச் சேர்ந்த மலிவான மாற்றுகளைச் சிலர் நிரப்புகிறார்கள். காயில் இருப்பது நீங்கள் உட்காரும் இடத்தில். கசிந்தால் தீப்பிடிக்கும் பொருளை அங்கே வைக்காதீர்கள்.

பூட்டி முடித்ததும் வேக்கம் பம்பை நாற்பத்தைந்து நிமிடமாவது ஓட்டுங்கள். காற்றை வெளியேற்றுவதற்கு மட்டுமல்ல இது. நம் ஊர் வெப்பத்தில் நீலமுள் மைனஸ் 29 அங்குலப் பாதரச அளவைத் தொட்டால்தான் உள்ளே ஒட்டியிருக்கும் ஈரம் கொதித்து ஆவியாகி வெளியே வரும். பத்து நிமிடம் ஓட்டிவிட்டுக் கேஸ் போடும் பட்டறையில் இருந்து காரை எடுத்து வந்துவிடுங்கள். பம்பை நிறுத்தி வால்வுகளை மூடி இருபது நிமிடம் முள்ளைக் கவனிக்க வேண்டும். சற்றேனும் ஏறினால் மீண்டும் கசிவு தேடும் வேலைதான்.

நிரப்புவதை எடைபோட்டுச் செய்யுங்கள். பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் தாளில் கிராம் கணக்கு இருக்கும். சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் 400 முதல் 700 கிராமுக்குள் அடங்கும். மஞ்சள் குழாயில் நிற்கும் காற்றை முதலில் வெளியேற்றி, பாட்டிலைத் தராசின் மேல் வைத்து, எஞ்சினை ஓட்டி நீல வால்வை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க வேண்டும். பாட்டில் நிமிர்ந்தே இருக்கட்டும். கவிழ்த்தால் திரவமாகப் போகும். திரவத்தை அழுத்த முடியாது, கம்ப்ரசரின் வால்வுகள் முறிந்துவிடும். எஞ்சின் ஓடும்போது சிவப்பு வால்வைத் திறந்தால் 200 பி.எஸ்.ஐ.க்கு மேற்பட்ட அழுத்தம் நேராகப் பாட்டிலுக்குள் பாய்ந்து அதை வெடிக்கச் செய்யலாம்; இந்த ஒரு தவறை மட்டும் மறந்தும் செய்யாதீர்கள். தாளில் உள்ள அளவு போனதும் நிறுத்திவிடுங்கள். இன்னும் கொஞ்சம் போட்டால் இன்னும் கொஞ்சம் குளிரும் என்ற கணக்கு ஏர்கோனில் செல்லாது.

குழாய்களைக் கழற்றியதும் இரண்டு வாய்களிலும் சோப்பு நீரை ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டு மூடிகளைத் திருகுங்கள். மூடிக்குள் இருக்கும் சிறிய ரப்பர் வளையமும் கேஸைக் காப்பதே என்பதால், தொலைந்த மூடிக்குப் புது மூடி வாங்கிப் போடுவது அவசியம். பானெட்டின் உட்புறத்தில் ஒரு வெள்ளை டேப்பை ஒட்டி, அதில் தேதி, போட்ட கேஸ் எத்தனை கிராம், எண்ணெய் எந்த வகை, எத்தனை மில்லி, நடுத் துவாரத்தில் கிடைத்த டிகிரி எவ்வளவு என்று எழுதிவைத்திருக்கிறேன். என் டேப்பில் கடைசியாக உள்ள எண் 9.